மார்ச் மாதத்து வைட்டமின்

சக்ரபாணி தன் ஆயுசில் ஒற்றை இலக்கத்தில் மார்க் வாங்கினது கிடையாது. இங்கிலீஷில்கூடப் பன்னிரண்டு. அப்படிப்பட்ட மனுஷருக்கு ரிடையரான பிறகு, வைட்டமின் டி-யில் ஒன்பது வந்து சேர்ந்தது.

பிள்ளை ஹர்ஷா வேலை பார்க்கிற சாஃப்ட்வேர் கம்பெனியில், அந்த வருஷம் அப்பா அம்மாக்களுக்கெல்லாம் இலவசமாக உடம்பைப் பரிசோதித்து அனுப்பினார்கள். ஹைதராபாத் குகட்பள்ளியில் அவர்களுக்கு எதிர் ஃப்ளாட்காரர் துரைராஜ். அவர் பையனுக்கும் அதே கம்பெனி. எல்லோரும் ஒரே வேனில் போனார்கள், ஒரே நர்ஸிடம் கையை நீட்டினார்கள். துரைராஜுக்கு நாற்பத்தொன்று. பெண்டாட்டி கல்பகத்துக்குக்கூட முப்பத்திரண்டு; தினம் மாடியில் துணி உலர்த்துகிறவள் இல்லையா? சக்ரபாணிக்கு மட்டும் ஒன்பது.

லிஃப்ட்டில் துரைராஜ் பிடித்துக்கொண்டார்.

"நாப்பத்தொண்ணு சார்!" என்றார், யாரும் கேட்காமலே. "மதுரை வெயில்ல வளர்ந்த உடம்பு. அப்பவே ஸ்டாக் ஏத்தியாச்சு. உங்களுக்கு எவ்வளவு?"

"பரவாயில்லை."

"பரவாயில்லைன்னா எத்தனை சார்?"

"மூணாவது மாடி வந்துடுத்து," என்று சக்ரபாணி இறங்கிக்கொண்டார். வந்திருந்தது இரண்டாவது மாடி. ஒரு மாடி ஏறித்தான் வீட்டுக்குப் போனார். ஆனால் மானம் பிழைத்தது.

சக்ரபாணியின் மானத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பாலாநகரில் ஒரு பம்ப் ஃபேக்டரியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தவர். அந்த ஃபேக்டரியில் ஏப்ரலிலிருந்து பிப்ரவரிவரை டீ குடிப்பார்கள். மார்ச்சில்தான் பம்ப் செய்வார்கள். வருஷத்து டார்கெட் முழுவதையும் மார்ச் ஒரே மாதத்தில் தள்ளிவிடுவதில் சக்ரபாணிக்கு இணை யாரும் கிடையாது. ஒரு தடவை பம்பாயிலிருந்து முதலாளியின் ஆட்கள் எண்ண வந்துவிட்டார்கள். பம்ப் போதவில்லை. சக்ரபாணி அசரவில்லை. முதல் ஷெட்டில் எண்ணி முடித்ததும் அவர்களுக்குச் சமோசா கொடுத்து உட்காரவைத்தார். அவர்கள் தின்று முடிப்பதற்குள் அதே பம்புகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மூன்றாவது ஷெட்டில் வரிசையாக நிறுத்திவிட்டார். எண்ணினார்கள், கைகுலுக்கினார்கள், போனார்கள்.

இந்தக் கதையைக் கல்பகம் ரசம் சாதத்துக்கும் மோர் சாதத்துக்கும் நடுவில் வருஷக்கணக்காகக் கேட்டுவருகிறாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல, "அப்பறம்?" என்பாள். நல்ல பெண்டாட்டி.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னாள். ஒரு பொட்டலத்தில் அறுபதாயிரம் யூனிட். வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை, பாலில் கலந்து. எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம். அவசரப்பட்டு அதிகம் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும், கிட்னிக்கு ஆகாது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே சக்ரபாணி தீர்மானம் போட்டார்.

"வாரத்துக்கு ஒண்ணா? ஏப்ரல் ஸ்பீடு நமக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம்! உகாதிக்குள்ள நான் அந்த துரைராஜைத் தாண்டியாகணும். தினம் ஒண்ணு."

"டாக்டர் வாரத்துக்கு ஒண்ணுன்னாளே?"

"அவ எந்த ஃபேக்டரியில வேலை பார்த்தா?"

"நீங்க எந்த ஆஸ்பத்திரியில பார்த்தேள்?"

"கல்பகம், டார்கெட்னு ஒண்ணு இருந்தா அதை எப்படி அடிக்கறதுன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்."

"கிட்னின்னாளே?"

"என் கிட்னி பாலாநகர் போர் தண்ணியிலேயே கெடலை. பால்ல கெட்டுடுமா?"

மருந்துக் கடையில் இரண்டு மாதத்துக்கு, தினம் ஒன்று வீதம் கேட்டார். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், சக்ரபாணியைப் பார்த்தார்.

"வாரானிகி ஒக்கட்டே சார்! வாரத்துக்கு ஒண்ணு. எட்டுதான் தருவேன்."

"ஏமிடய்யா, காசு நான்தானே தர்றேன்?"

சத்தம் கூடியது. கல்பகம் நடுவில் வந்தாள்.

"நீங்க போய் ஆட்டோ பிடிங்கோ. இவர் எனக்குத் தெரிஞ்சவர். நான் பேசி வாங்கிண்டு வரேன்."

அவர் ஆட்டோவோடு பேரம் பேசி முடிப்பதற்குள் அவள் கனமான ஒரு பையோடு வந்து ஏறினாள். மேலே மருந்துக் கடைக் கவர் எட்டிப்பார்த்தது. பக்கத்து மளிகைக் கடைக்கும் அவள் போய்வந்ததை அவர் கவனிக்கவில்லை. "பார்த்தாயா, நம்மகிட்ட எல்லாம் நடக்கும்," என்று வழியெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டு வந்தார்.

கல்பகம் பதில் பேசவில்லை. அந்த வீட்டில் அவள் சண்டை போட்டால் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். சக்ரபாணி அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காலையில் பேப்பர் பக்கத்தில் ஒரு டம்ளர் பால் வந்தது. கூடவே ஒரு சின்னத் தட்டில், கத்தரித்த மருந்துப் பொட்டலத்தின் கவர். அதுதான் அத்தாட்சி. சக்ரபாணி கவரைக் கையில் எடுத்து, அறுபதாயிரம் என்று வாய்விட்டுப் படித்து, தலையை ஆட்டிவிட்டுப் பாலைக் குடிப்பார்.

"மருந்து ருசியா இருக்கே?"

"விலை ஜாஸ்தி இல்லையா?"

மூன்றாம் நாளே அவருக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

"கேட்டாயா? கிண்ணுங்கறது. எலும்பில்லை இது, இரும்புக் கம்பி. வாரத்துக்கு ஒண்ணு சாப்பிட்டிருந்தா இது வருமா?"

"வராது," என்றாள் கல்பகம். "இன்னொண்ணு. காலம்பற வெயில்ல இரண்டு மணி நேரம் உட்காரணும்னு டாக்டர் சொன்னா. மாடிக்குப் போங்கோ." ஒரு ஸ்டூலையும் நீளக் குச்சியையும் கொடுத்தாள்.

"குச்சி எதுக்கு?"

"சும்மாதானே உட்காரப்போறேள்? அப்படியே வடாமையும் பார்த்துக்கோங்கோ."

மாசி முழுக்க அவர் மாடியில் உட்கார்ந்தார். அந்த வருஷம் கல்பகத்தின் வடாமில் ஒன்றைக்கூடக் காக்கை தொடவில்லை.

உகாதிக்கு முன்னால் ரத்தம் கொடுத்தார். நாற்பத்து மூன்று!

உகாதி அன்று காலையில் அப்பார்ட்மென்ட்காரர்கள் எல்லோரும் மொட்டைமாடியில் கூடினார்கள். கல்பகம் எல்லோருக்கும் உகாதிப் பச்சடி கரண்டியால் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் வடாம் காய்ந்தது. பண்டிகையானாலும் அதற்கு லீவு கிடையாது. சக்ரபாணி பட்டுக்கரை வேஷ்டியில் நடுவில் நின்றார்.

"நாற்பத்து மூணு," என்றார், யாரும் கேட்காமலே.

துரைராஜ் பச்சடியைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு வந்தார். "எப்படி சார்? நிஜமாவா?"

"மார்ச் சார், மார்ச்! டாக்டர் வாரத்துக்கு ஒண்ணுன்னா. நான் தினம் ஒண்ணு போட்டேன். மேனேஜ்மென்ட்!"

"கிட்னிக்கு ஒண்ணும் ஆகலையா?"

"தட்டிப் பாருங்கோ."

துரைராஜ் நிஜமாகவே மரியாதையோடு பார்த்தார். "சார், என் வீட்டுக்காரி புஷ்பா, பொண்ணு பிரசவத்துக்குப் போயிட்டு இப்பத்தான் வந்து டெஸ்ட் எடுத்தா. பதினொண்ணு. டாக்டர் வாரம் ஒண்ணுன்னாங்க. நான்கூட அப்படியே கொடுக்கலாம்னு இருந்தேன். நல்லவேளை சொன்னீங்க. நாளையிலேருந்து அவளுக்கும் தினம் ஒண்ணு."

"ஒண்ணு என்னத்துக்கு ஆகும்? மார்ச் முடிய ஒரு வாரம்தான் இருக்கு. இரண்டா கொடுங்கோ!"

கல்பகத்தின் கரண்டி பாத்திரத்திலேயே நின்றது.

அவள் இதை யாரிடமும் சொல்வதாக இல்லை. வீட்டுக்காரர் நிமிர்ந்து நடந்தால் அது அவளுக்கும்தான் அழகு. ஆனால் அந்தப் பக்கம் புஷ்பா, பாவம், ஒன்றும் தெரியாமல் பச்சடியில் வேப்பம்பூவை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"துரைராஜ் சார், தினம் குடுத்துடாதீங்கோ. வாரத்துக்கு ஒண்ணுதான். இவரும் அப்படித்தான் சாப்பிட்டார்."

சக்ரபாணி பெரிதாகச் சிரித்தார். "நல்ல நாளும் அதுவுமா பொய் சொல்லாதே கல்பகம்! தினம் காலம்பற கவரை என் கையாலே எடுத்துப் பார்த்திருக்கேன்."

"பார்த்தேள். ஞாயித்துக்கிழமை கத்தரிச்ச கவரைச் சனிக்கிழமை வரைக்கும் பார்த்தேள்."

சக்ரபாணி விரல்விட்டு நாளை எண்ணினார்.

"அதே... கவரா?"

"முதல் ஷெட்டு பம்பைத்தான் மூணாவது ஷெட்டுல நிறுத்தினேன். நடுவில நீங்க பேப்பர் படிச்சேள்."

"அப்போ மத்த நாள் நான் குடிச்சது?"

"பனங்கல்கண்டும் ஏலக்காயும்."

"எலும்பு கிண்ணுங்கறதே!"

"ஏலக்காய் நல்ல ஏலக்காய்."

துரைராஜ் சிரித்த சிரிப்பில் மாடிப்படிவரை ஆட்கள் திரும்பினார்கள். சக்ரபாணியின் முகம் மாங்காய் கடித்ததுபோல் ஆனது. ஒரு நிமிஷம்தான். பிறகு அவர் நெஞ்சு மெல்ல நிமிர்ந்தது. வேறு யாருக்கு வரும் அந்த நிமிர்வு?

"சிரிக்கிறேளா சார்? பம்பாய்க்காரா நாலு பேரால கண்டுபிடிக்க முடியாத வித்தை. அதைச் செஞ்ச எனக்கே செஞ்சு காட்டிட்டா! யார் கொடுத்த ட்ரெய்னிங்? அதை விடுங்கோ. எப்படி வந்தா என்ன, நாற்பத்து மூணு நாற்பத்தொண்ணைவிட ஜாஸ்தியா இல்லையா?"

"ஜாஸ்திதான் சார்," என்று துரைராஜ் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

சக்ரபாணி வெற்றியோடு கல்பகத்தின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்த வெயில்ல இரண்டு மணி நேரம்... அதுவாவது டாக்டர் சொன்னதுதானே?"

"இல்லை, அது காக்கா சொன்னது. அதோ வந்துடுத்து பாருங்கோ, குச்சியை எடுங்கோ."