துண்டு எழுதிய லெட்டர்

டெக்ஸாஸ் மாநிலத்தில் பந்தைக் கையால் தொடாமலே பாஸ்கெட்பாலில் சோறு தின்ற ஒரே ஆள் எங்கள் துண்டுதான். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், அதுவும் ஷூவோடு. அவனுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை.

எண்பதுகளில் ரிச்சர்ட்சனில் ஒரே அபார்ட்மெண்டில் நாலு பேர் இருந்தோம். மூன்று பேர் ஒழுங்காக இன்ஜினியரிங் படித்தோம். ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்க மாயவரத்திலிருந்து வந்தவனுக்கு மட்டும் கேம்பஸில் கிடைத்த வேலை, பாஸ்கெட்பால் டீமுக்குத் துண்டு துவைப்பது. பெயர் வந்த கதை அவ்வளவுதான். துவைத்தோமா, மடித்தோமா என்று இருந்தானா? எந்தப் பையன் எந்த மூலையிலிருந்து போட்டால் பந்து விழாது என்று ஒரு நோட்டு நிறைய எழுதி ஹெட் கோச்சிடம் நீட்டினான். அவர் அதைப் படித்துவிட்டு, துவைக்கிற வேலையை வேறு ஆளிடம் கொடுத்து, இவனை பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

அடுத்த பதவி வீடியோ. எதிர் டீம் ஆடிய மேட்சுகளையெல்லாம் காப்பி எடுக்க வேண்டும். எங்கள் ஹாலில் இரண்டு வி.சி.ஆர். ஓயாமல் ஓடின. ஹூஸ்டன் ஆன்ட்டி ஒருவரிடம் கெஞ்சி வாங்கி வந்த தமிழ்ப் படக் கேசட்டின் மேலேயே ஒரு மேட்சைப் பதிவு பண்ணித் தொலைத்தான். ஆன்ட்டி போனில் என்னைத்தான் பிடித்தார்.

"ஏம்ப்பா, அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணு சேர்ற நேரத்துல பத்து தடியனுங்க அரை டிராயரோட ஓடறானுங்களே, என்னப்பா இது?"

"டைரக்டர் புதுசு ஆன்ட்டி" என்றேன். வேறென்ன சொல்ல?

மூன்றாவது வருஷம் அசிஸ்டென்ட் கோச் ஆகி, கோட்டு, டை எல்லாம் மாட்டிக்கொண்டான். அசிஸ்டென்ட் கோச்சுக்கு முக்கிய வேலை ஆட்டமே இல்லை, ஆள் பிடிப்பது. ஹைஸ்கூலில் நன்றாக ஆடுகிற பையன் வீட்டுக்குப் போய், பெற்றவர்களிடம் நைச்சியமாகப் பேசி, எங்கள் காலேஜுக்கே வருகிறேன் என்று கையெழுத்து வாங்க வேண்டும். துண்டு போன முதல் மூன்று வீட்டுப் பையன்களும் வேறு காலேஜுக்குப் போய்விட்டார்கள். ஹெட் கோச் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த பையன் ஆறடி பத்து அங்குலம். அவன் வராவிட்டால் துண்டுக்கு வேலை இல்லை. வேலை போனால் விசா போகும், விசா போனால் மாயவரம்.

நாங்கள் வெலவெலத்துப் போனோம். அவனோ குளித்து, விபூதி இட்டுக்கொண்டு ஜம்மென்று வந்து நின்றான்.

"டேய், இது பொண்ணு பார்க்கிற சமாச்சாரம்டா. மூணு அக்காவோட பொறந்தவனுக்கு இது தெரியாதா? நீ காரை எடு."

இந்த முறை ஹெட் கோச்சும் கூட வந்தார். அந்த நெட்டை மனுஷரின் கால்கள் மடங்குகிற கார் என்னுடைய பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்றுதான். அவர் ஏறியதும் துண்டின் மடியைப் பார்த்து அலறினார். எவர்சில்வர் தட்டில் ஆப்பிள், வாழைப்பழம், நடுவில் குடுமியோடு தேங்காய்! பையன் வீட்டுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தால்கூடக் காலேஜுக்குத் தண்டனை என்பது ரூல். தட்டைப் பிடுங்கிக் காரின் பின்பக்கம் போர்வைக்கு அடியில் ஒளித்துவைத்தார்.

மூன்று மணி நேர டிரைவ். பையனின் அம்மா கேக்கும் காபியும் கொண்டுவந்து வைத்தார். ஹெட் கோச் வேண்டாமென்றார். துண்டு மூன்று துண்டம் விழுங்கிவிட்டு என் காதைக் கடித்தான்.

"தின்னுடா. பஜ்ஜியைத் தொடலேன்னா பொண்ணு பிடிக்கலேன்னு அர்த்தம்."

பிறகு அம்மாவிடம் திரும்பி, கேக் செய்தது யார் என்று கேட்டான். பையன்தானாம். பாடுவானா என்று கேட்டான். சர்ச்சில் பாடுவானாம். அந்த ஆறடி பத்து அங்குலம் மின்விசிறிக்குக் கீழே குனிந்து நின்று பாடியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரியம் பழம்! ஹெட் கோச் பேப்பரை நீட்டினார். அம்மா பேனாவைத் திறந்தார்.

அப்போது பார்த்து எங்கள் மடையன் துண்டு எழுந்து, கைகூப்பி, அழகான இங்கிலீஷில் சொன்னான்: "ரொம்ப சந்தோஷம். ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டு லெட்டர் போடறோம்."

அம்மா பேனாவை மூடிவிட்டார். திரும்பி வந்து காரிலிருந்து இறங்கும்போது ஹெட் கோச், "திங்கட்கிழமை ஆபீஸ் சாவியைக் கொடுத்துவிடு" என்று மட்டும் சொன்னார்.

"அறிவிருக்காடா? என்ன பண்ணித் தொலைச்சே?" என்று கத்தினேன்.

"வாய் தானா வந்துடுச்சுடா. பொண்ணு பார்க்க வந்தவங்க கிளம்பும்போது வேற என்ன சொல்லி நான் கேட்டிருக்கேன்? பெரியக்காவைப் பார்த்துட்டுப் போன அத்தனை பேரும் இதைத்தான் சொன்னாங்க. ஒருத்தனும் போடல. அது தினம் வாசல்ல போஸ்ட்மேனைப் பார்த்துக்கிட்டு நிக்கும்."

நான் போய் அவனுக்கும் சேர்த்துக் காபி போட்டேன்.

"போடறோம்னு சொல்லிட்டேன்ல? போடணும்" என்றான். லெட்டருக்கு ரூல் இடம் கொடுக்கிறதா என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நாலு பக்கம் எழுதினான். கேக் பிரமாதம், பையன் குரல் தங்கம், எங்களுக்குப் பூரண சம்மதம், அவனுக்கு ஜுரம் வந்தால் நான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன் என்றெல்லாம் எழுதித் தபாலில் சேர்த்தான். திங்களன்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்து பெட்டி கட்ட ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை ஹெட் கோச் எங்கள் வாசலில் குனிந்து நுழைந்தார். கையில் அதே சாவி. பையனின் அம்மா போன் பண்ணினாராம். "என் சோபாவில் ஏழு காலேஜ் உட்கார்ந்து போச்சு. எல்லாரும் கையெழுத்துக்குப் பறந்தாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு போனவர் அந்தக் குள்ள மனுஷர் ஒருத்தர்தான். சொன்னபடி எழுதியும் போட்டுட்டார். என் பையன் அவர்கிட்டயே இருக்கட்டும்."

நாங்கள் துண்டைத் தூக்கிக்கொண்டு ஹால் முழுக்க ஆடினோம். தேங்காயை அன்றைக்குத்தான் உடைத்தோம்.

அப்புறம் அவன் ஊர் ஊராக ஒன்பது காலேஜ் மாறினான். எல்லாவற்றிலும் அசிஸ்டென்ட்தான். "ஹெட் கோச்சா ஆனா வீடு வீடா கேக் தின்னப் போறது யாருடா?" என்பான். போன ஊரிலிருந்தெல்லாம் எனக்கு எழுதினான்.

போன மாதம் என் பெண் கல்யாணத்துக்கு வந்தவனை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறேன்டா" என்றான். இந்தக் காலத்தில் யார் லெட்டர் போடுகிறார்கள் என்று என் மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நான் தினமும் வாசலில் போஸ்ட்மேனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். துண்டு சொன்னால் போடுவான்.