மாமனார் தலையில் விழுந்த வெளிச்சம்

ஒரு மனிதரின் தலைக்கு நான் தீ வைத்திருக்கிறேன். அதுவும் எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவரின் தலைக்கு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பினாங்கு சூலியா தெருவில் எனக்கொரு சொங்கோக் தொப்பிக் கடை. கறுப்பு வெல்வெட்டில் கறுப்பு நூலால் தைக்கும் வேலை. பட்டப்பகலிலும் கடைக்குள் இருட்டு. கண் எரிந்து நீர் கொட்டும். ஆகவே உருண்டையான கண்ணாடி மீன்குடுவை ஒன்றை வாங்கி, தண்ணீர் நிரப்பி, சன்னலோர விளக்குக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டேன். வெளிச்சமெல்லாம் திரண்டு என் ஊசி முனையில் விழுந்தது. (என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தட்டார்கள் எத்தனையோ காலமாகச் செய்வதுதான்.)

மாப்பிள்ளைக்குக் கண் மங்கல் என்று யாரோ புண்ணியவான் காதில் போட்டுவிட, பெண்ணின் வாப்பா ஒருநாள் சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் நேரில் சோதிக்க வந்துவிட்டார். இருந்த ஒரே நாற்காலியில், என் இடத்தில், உட்காரவைத்தேன். புதுத் தொப்பி ஒன்றைத் தலையில் வைத்துவிட்டேன். புழுங்குமே என்று, விளக்குக்குப் பின்னால் எப்போதும் சாத்திக் கிடக்கும் மேற்குச் சன்னலையும் திறந்துவிட்டேன். (மரியாதையாம்!) அவர் குடுவைக்கு முதுகு காட்டி என் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒரு தொப்பியை நீட்டித் தையலை எண்ணச் சொன்னார். நானும் ஒன்றுவிடாமல் எண்ணினேன்.

"என்னமோ கருகுற வாடை வருதே, தம்பி."

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையாக இருக்கும் என்றேன். விளக்குத் திரியைப் பார்த்தேன். மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். பிறகுதான் நிமிர்ந்தேன். அவர் தலையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. குடுவை இப்போது திரட்டிக்கொண்டிருந்தது விளக்கு வெளிச்சத்தை அல்ல, மேற்கு வெயிலை.

குடுவையை அப்படியே பிடுங்கி அவர் தலையில் கவிழ்த்தேன்.

தாடி வழியாகத் தண்ணீர் சொட்ட அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் போயே போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் மெல்லத் தொப்பியைக் கழற்றி, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"நூல் தெரியுது, நெருப்புத் தெரியல. ஆனா தண்ணி குறி தப்பல லா. மத்ததை என் மக பாத்துக்குவா."

நிக்காஹ் நடந்தது. ஆனால் மௌத்தாகும்வரை என் மாமனார் தொப்பியோடு எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. வாசலிலேயே கழற்றி மகளிடம் கொடுத்துவிடுவார். தொப்பிக்காரன் வீட்டில் இதென்ன வழக்கம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "மருமகன் வீட்டுல வெயில் ஜாஸ்தி." இப்போது என் பேரப்பிள்ளைகளும் அதையே சொல்லிக்கொண்டு, தலையைக் கையால் பொத்தியபடிதான் என் அறைக்குள் வருகிறார்கள்.