மூன்றாவது வளைவில் ஒரு கும்பிடு

கொடைக்கானல்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய சித்தப்பா ஞானவேல் அவர்களுக்கு,

அண்ணன் மகன் கந்தவேல் கும்பிட்டு எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. என்மேல் இவ்வளவு கோபப்படத் தெம்பிருக்கிறது என்றால் நீங்கள் நலம்தான். சித்தி சண்முகவள்ளிக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். இட்லிப்பொடி வருவது நின்றுபோனதை நான் கவனித்துவிட்டேன் என்றும் சொல்லவும். போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் காகிதம். பழனி பஸ் கண்டக்டர் திருமலைச்சாமி கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் செருப்புக் காப்பகத்தில் செருப்பை விடுகிற சாக்கில் இதையும் விட்டுவிடுவார். கிழித்துப்போடாமல் முழுதாகப் படிக்கவும். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். பேனா புதுசு.

விஷயத்துக்கு வருகிறேன். சறுக்குத் தேர்வில் சுசித்ராவுக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு போட்டது நான்தான். அறுபது எடுத்தால் பாஸ். உங்கள் மகள் ஃபெயில். இதைக் கேட்டதும் நீங்கள் போனில் என்ன சொன்னீர்கள்? "ஏலே, எந்தங்கச்சி எந்தங்கச்சின்னு தூக்கிச் சொமந்த புள்ளைக்கு முப்பத்தெட்டா? நீ எட்டாப்புல கணக்குல முப்பத்தாறு வாங்கிட்டு வந்தப்ப நான் ஒரு வார்த்தை கேட்டனா? இனிமே அடிவாரத்துப் பக்கம் உன் மூஞ்சியக் காட்டாத!" என்றீர்கள். கேட்டது உண்மை, வலித்ததும் உண்மை. ஆனால் மார்க்கும் உண்மை. கணக்கில் எனக்கு முப்பத்தாறு போட்ட வாத்தியாரும் சரியாகத்தான் போட்டிருந்தார்.

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், 'சறுக்கி விழச் சொல்லிக்குடுக்கிறான்' என்று நீங்கள் அடிவாரம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறீர்கள். முதலில் அதைத் திருத்துகிறேன். விழாமல் சறுக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. மெக்கானிக்கல் முடித்துவிட்டு இமயமலைக்குப் போய்ப் பனிச்சறுக்குப் படித்தேன். சறுக்குகிறவர்களை மதிப்பிடுவதற்குத் தனியாகப் படித்தேன். இங்கே பனி கிடையாது என்பதால் புல்சரிவில் பழக்குகிறோம். பூட்ஸுக்குக் கீழே நீளமான சட்டம், சட்டத்தைச் சுற்றி ஓடுகிற உருளைப் பட்டை, இரண்டு கையிலும் கம்பு. போன தீபாவளிக்கு நான் அதை எடுத்துவந்தபோது நீங்கள் கையில் டோக்கனோடு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இத எந்த ஆணியிலடா தொங்கவிடுறது?" என்று கேட்டீர்களே, அதுதான். இந்தத் தேர்வில் பாஸானால் சுசித்ரா வருகிற பனிக்காலத்தில் இமயமலைப் பயிற்சிக்குப் போகலாம், திரும்பி வந்து இங்கேயே பயிற்சியாளர் ஆகலாம். நீங்கள் அவளிடம் சொல்லி அனுப்பியதும் எனக்குத் தெரியும். "பாஸானா போ. இல்லேன்னா மறுபேச்சு பேசாம வெரசா வீடு வந்து சேரு. டோக்கன் குடுக்கிற சோலி அப்பிடியே கெடக்கு." இப்போது ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள். விதிப்படி ஒரு மறுதேர்வு உண்டு, அது புதன்கிழமை. ஞாயிறு அவள் இறங்கிவிட்டால் புதன் அவளுக்குக் கிடையாது. இந்தக் கடிதம் அதற்குத்தான்.

தேர்வு என்றால் யார் வேகமாக இறங்கினார்கள் என்று பார்ப்பதில்லை. உருளைக்கிழங்கு மூட்டையை உருட்டிவிட்டாலும் வேகமாகத்தான் இறங்கும். திரும்பும்போது வெளிப்பக்கக் கால் பாரத்தைத் தாங்குகிறதா, நெஞ்சு பள்ளத்தைப் பார்க்கிறதா இல்லை பயந்துபோய் மேட்டுப்பக்கம் சாய்கிறதா, கை இரண்டும் தட்டில் காபி கொண்டுபோகிற மாதிரி முன்னால் நிற்கிறதா, இதையெல்லாம்தான் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் மேல் கண். கண் எங்கே போகிறதோ உடம்பு அங்கே போகும். ஐந்து வளைவு, ஒவ்வொன்றுக்கும் அடையாளமாக ஒரு சிறு கொடி, வளைவுக்கு இருபது மார்க். விழுந்தால் ஓட்டம் அதோடு முடிந்தது, அதுவரை எடுத்ததில் இரண்டு குறையும். மார்க் தாளில் சித்தப்பா பிள்ளை பெரியப்பா பிள்ளை என்று ஒரு கட்டம் கிடையாது.

அன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். ஆறு பேர் தேர்வுக்கு. முதலில் பழனிமுத்து. மூன்றாவது வளைவில் விழுந்தான். சரி, பதற்றம் என்று விட்டேன். அடுத்து மகாதேவி. அதே வளைவு, அதே இடம். மூன்றாவது ஆளும், நான்காவது ஆளும் அங்கேயே. நான் தேர்வை நிறுத்திவிட்டு மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். சரிவை அளந்தேன், ஒழுங்காக இருந்தது. எலிவளை இருக்குமோ என்று கம்பால் குத்திப் பார்த்தேன், இல்லை. புல்லில் ஈரமா என்று மண்டியிட்டுத் தடவினேன், அப்பளமாகக் காய்ந்திருந்தது. விழுந்தவர்களின் சட்டங்களைக் கழற்றிப் பட்டையைச் சுற்றிப் பார்த்தேன், உங்கள் கடை ஃபேனைவிட நன்றாகச் சுற்றியது. எங்கள் மேலாளர் சேனாதிபதி சார், ரிட்டயர்ட் பி.டி. மாஸ்டர், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "தம்பி, எடமே சரியில்ல. ஒரு எலுமிச்சம்பழத்தச் சுத்தி நசுக்கிட்டு ஆரம்பிச்சிருவமா?" என்றார். இது என்ஜினியரிங், எலுமிச்சம்பழம் இல்லை என்று அவரிடம் கத்தினேன். அடுத்து சுசித்ரா வந்தாள். மூன்றாவது வளைவில் விழுந்தாள். சேனாதிபதி சார் என் தோளைத் தட்டி, "விழுந்தாலும் சிரிச்சுக்கிட்டே விழுந்துச்சு பாரு, அதுக்கு ஒரு பத்துப் போடு" என்றார். சிரிப்புக்குக் கட்டம் இல்லை என்றேன்.

கடைசியாக மன்னவனூர் வேல்ராஜ். அவன் சறுக்கினதைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும், ஓணான் ஓடுகிற மாதிரி. ஆனால் மூன்றாவது வளைவை அலட்டாமல் தாண்டி, மற்ற இரண்டையும் முடித்து, அறுபத்திரண்டு எடுத்து நின்றான். எப்படியடா என்று கேட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கண்ணாடி பூரா ஆவியடிச்சுப்போச்சுண்ணே, ஒண்ணுமே தெரியல. குத்துமதிப்பா வந்தேன்" என்றான்.

அப்புறம்தான் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஐந்து பேரும் மூன்றாவது வளைவில் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். கம்பைக் கக்கத்தில் இடுக்குகிறார்கள். கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். விழுகிறார்கள். சுசித்ராவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்ன பண்ணின அங்க?"

"மலை தெரிஞ்சுச்சுண்ணே."

"தெரிஞ்சா?"

"கும்பிட்டேன்."

"எறங்கும்போதா கும்பிடுவாங்க?"

"ஏறும்போது முதுகுப் பக்கமுல்ல இருந்துச்சு!"

அந்தச் சரிவு வடக்கே பார்த்தது, சித்தப்பா. மேலே இரண்டு வளைவுக்குப் பைன் மரங்கள் மறைக்கும். மூன்றாவதில் மரம் விலகி வெட்டவெளியாகும். மற்ற நாளெல்லாம் கீழே சமவெளியில் மேகம் மூடிக்கிடக்கும். அன்றைக்குப் பார்த்து வெள்ளனே காற்றடித்து எல்லாம் விலகி, தூரத்தில் நம்ம பழனி மலை, கோபுரத்தோடு, உள்ளங்கையில் வைத்த மாதிரி நின்றிருக்கிறது. தேர்வாளன் கீழே நின்று மேலே பார்க்கிறவன். எனக்கு அது முதுகுப் பக்கம். அளக்க மேலே ஓடினபோதும் என் கண் புல்லைவிட்டு எழவில்லை. நான் எப்படி அறிவேன்?

இப்போது சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். இந்தக் கேஸில் முதல் குற்றவாளி நீங்கள்தான். மலை கண்ணில் பட்டதும் கை தன்னால் மேலே போக வேண்டும் என்று எங்களைப் பழக்கியது யார்? பஸ் ஜன்னலில் தெரிந்தால் கும்பிடு. மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனால் கும்பிடு. சண்முகநதிப் பாலத்தில் டி.வி.எஸ்ஸில் நான் முன்னால் நிற்க, சுசித்ரா சித்தி மடியில் பின்னால் இருக்க, மலை தெரிந்தது என்று நீங்கள் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினீர்களே, நாம் நால்வரும் இளநீர்க் குவியலுக்குள் போய் விழுந்தோமே, இளநீர்க்காரர் திட்ட வாயெடுத்தபோது "மலையப் பாத்துத்தான்யா விழுந்தோம்" என்று நீங்கள் சொன்னதும் அவரும் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆளுக்கொரு இளநீர் வெட்டிக்கொடுத்தாரே! பிறகு இந்தப் பெண் சறுக்கும்போது கையை எங்கே வைத்திருப்பாள்?

சேனாதிபதி சார் அந்த இடைவெளியில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டி மறைத்துவிடலாம் என்றார். கேட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் நல்லசாமி, "யாரு, மலையவா மறைக்கப் போறீக? எங்க, கட்டுங்க பாப்பம்" என்று மண்வெட்டியைக் கீழே வைத்தார். அந்த யோசனை அதோடு முடிந்தது. கொடிகளைத் தள்ளி நடவும் நான் ஒப்பவில்லை. இமயமலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சாமி மலை நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் கையெடுத்தால் இவள் மருந்துக்கட்டோடுதான் ஊர் திரும்புவாள். மார்க்கில் கறாராக இருந்தது அதற்காகவும்தான்.

இன்னொன்று. அவளுடைய முதல் இரண்டு வளைவு. சித்தப்பா, நான் பனியிலும் புல்லிலும் எத்தனையோ பேர் இறங்குவதைப் பார்த்துவிட்டேன். எல்லாரும் சரிவோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள், நான் உட்பட. இவள் அதனோடு பேசிக்கொண்டே இறங்குகிற மாதிரி இறங்கினாள். பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறியது எப்போது என்று வீடியோவை எத்தனை முறை ஓட்டியும் எனக்குப் பிடிபடவில்லை. குறை கண்டுபிடிப்பது என் தொழில். பேனாவைப் பிடித்துக்கொண்டு தேடினேன், கிடைக்கவில்லை. இருபதும் இருபதும் போட்டேன். அதற்குமேல் போடக் கட்டத்தில் இடமில்லை. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து முழு மார்க் நான் வேறு யாருக்கும் போட்டதில்லை. அவளிடம் இதைச் சொல்லவில்லை. அடுத்த நொடி விழுந்துவிட்டாளே, என்ன சொல்வது? கொடியைப் பிடுங்கி நட்டு, அடுத்த ஆள் வா என்றுதான் கத்தினேன்.

ஆகவே வேண்டுவது இரண்டே. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை ரத்து செய்யுங்கள். இரண்டு, அவளைப் போனில் கூப்பிட்டு, "இறங்கும்போது மனசுக்குள்ள கும்பிட்டாப் போதும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால், "நீ யாருண்ணே அதச் சொல்ல?" என்கிறாள். ஒரு தொழில் தெரிந்தவனுக்குக் கையை அடக்குவது பெரிய காரியமே இல்லை. கண் கொடியில், கை கம்பில், அவ்வளவுதான். பயிற்சி இருந்தால் எந்த மலை தெரிந்தாலும் கை அசையாது.

பெரியவர்கள் எல்லாருக்கும் என் வணக்கம். தம்பி தங்கைகளுக்கு என் அன்பு. காப்பகத்தில் விட்ட செருப்பெல்லாம் ஜோடி மாறாமல் உரியவர் காலுக்கே போய்ச் சேர வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் வீட்டுப் பிள்ளை,
கந்தவேல்

பின்குறிப்பு: அப்பா, இது சுசித்ரா. மேலே இருக்கிறதும் என் கையெழுத்துதான். பேனா பழைய பேனாவேதான். அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அண்ணனுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நேத்துக் காலையில, "கையை அடக்குறது எப்பிடின்னு நான் காட்டுறேன் பாரு"ன்னு எனக்குச் செஞ்சு காட்ட மேலேருந்து இறங்கினாரு. மூணாவது வளைவுல மேகம் விலகிருச்சு. எனக்காச்சும் ஒரு கைதான் கன்னத்துக்குப் போச்சுப்பா. அண்ணனுக்கு ரெண்டு கையும் தலைக்கு மேல, உங்களாட்டமே. கம்பு ரெண்டும் ஆளுக்கொரு திசையில பறந்துச்சு, அண்ணன் உருண்டு வந்து சேனாதிபதி சார் காலடியில நின்னாரு. சார் விசில் ஊதினாரு. அண்ணன் படுத்துக்கிட்டே என்னையப் பார்த்து, "மார்க் போடு, ஒழுங்காப் போடு"ன்னாரு. முதல் ரெண்டு வளைவுக்கும் முழுசாப் போட்டேன். விழுந்ததுக்கு ரெண்டு குறைச்சேன், கையை ஊன்றி விழுந்ததுக்கு இன்னொண்ணு. மொத்தம் முப்பத்தேழு. எதிர்த்துப் பேசாம வாங்கிக்கிட்டாரு. இதை உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் கேட்டிருக்காரு, நான் இன்னும் பண்ணல.

அந்த ரெண்டு வளைவைப் பத்தி எழுதியிருக்கிற பத்தியை மட்டும் அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லல. என்னைய டீ போடச் சொல்லி அனுப்பிட்டு, போன்ல பேசிப் பதிஞ்சு வச்சுட்டு, "இதக் கேட்டு எழுதிரு"ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. எழுதி முடிக்க ரொம்ப நேரம் ஆச்சுப்பா.

நான் ஞாயித்துக்கிழமை வரல. வந்தா அண்ணனுக்குச் சோறு பிசைஞ்சு குடுக்க ஆளில்ல. நீங்க வாங்க. இட்லிப்பொடியோட வாங்க. மனசுக்குள்ள கும்பிடச் சொல்லி நீங்க போன் பண்ண வேண்டாம், அது உங்களாலயே முடியாது. புதன்கிழமை சரிவுக்குக் கீழ, அண்ணன் பக்கத்துல வந்து நில்லுங்க, அது போதும். கண்ணு போற எடத்துக்குத்தான் உடம்பு போகும்னு அண்ணன் சொல்லுறாருல்ல, நான் உங்களையே பார்த்துக்கிட்டு இறங்கி வந்துருவேன். மலை உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கும். நான் வந்து நிக்கிற வரைக்கும் நீங்களும் திரும்பிராதீங்கப்பா. நின்னதுக்கப்பறம் மூணு பேரும் சேர்ந்து திரும்புவோம்.