மூன்று கோடு போட்ட மூடிக்கறி

வாயைத் திறக்காதவனுக்கு ஒரு வசதி உண்டு. அவனை விவரமானவன் என்று ஊர் தானாகவே நம்பிவிடும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுபோன நான், ஐம்பது வயதுவரை அந்த வசதியில்தான் காலத்தை ஓட்டினேன். ஜொகூர் பாருவை ஒட்டிய மாசாயில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அது முடிவுக்கு வந்தது. என் மகளைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மாவிடம் நான் பேசிய முதல் வார்த்தை, "தொடாதீங்க."

(இதைச் சொல்லும்போது என் மனைவி சரோஜா இன்றும் தலையில் கைவைத்துக்கொள்வாள்.)

எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் ஓவன். பாசிர் கூடாங்கில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில், அதிர்ஷ்டக் குலுக்கில் என் எண் விழுந்தது. மேடை ஏற வெட்கப்பட்டுச் சீட்டைச் சட்டைப்பைக்குள் மறைத்துவைத்தேன். பக்கத்தில் இருந்தவன் பார்த்துவிட்டு என்னைத் தள்ளிவிட்டான். மேடையில் மேலாளரின் கையை இரண்டு முறை குலுக்கிவிட்டு, பரிசை எடுக்காமலேயே இறங்கி வந்தேன். பிறகு அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஒரு வருடம் அது பெட்டியோடு அலமாரிமேல் இருந்தது. அப்புறம் ஒருநாள் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். ஆட்டுக்கறியைக் கொத்திச் சமைத்து, அதன்மேல் மசித்த உருளைக்கிழங்கைக் கனமாகப் பூசி, ஓவனில் வைத்துச் சிவக்கவிடும் வெள்ளைக்காரச் சாப்பாடு. ஷெப்பர்ட்ஸ் பை என்று பெயராம். சமைத்தவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் பேச்சு தேவைப்படவில்லை, கையைப் பார்த்தால் போதும். அவர் போட்ட ஏதோ இலைக்குப் பதில் நான் கறிவேப்பிலை போட்டேன். பட்டை, கிராம்பு, கறி மசாலா என்று நம் வழிக்கு இழுத்தேன். முதல் தடவை கரி, இரண்டாம் தடவை கஞ்சி. மூன்றாவது தடவை எடுத்தபோது மேலே பொன்னிறம், உள்ளே மணம். சரோஜா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது என்னாங்க, மூடி போட்ட கறி?" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மூடிக்கறி. எங்கள் மாடியில் எந்த வீட்டில் பிறந்தநாள் வந்தாலும் என்னிடம் ஒரு தட்டு கேட்பார்கள். பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

என் மகள் கவிதாவும் தினேஷும் ஜொகூர் பாருவில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள். விரும்பினார்கள். தினேஷின் வீடு சிம்பாங் ரெங்கத்தில். அப்பாவுக்குச் சம்மதம். அம்மா பார்வதி மட்டும் பிடிகொடுக்கவில்லை. "சும்மா பாத்துட்டு வரலாம்னுதான் வராங்கப்பா. அவங்க வாயில இருந்து சரின்னு இன்னும் வரல" என்றாள் கவிதா. அவள் அதைச் சொன்னபோது நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பரீட்சைக்கு முன்னால் கடித்த அதே நகம்.

நான் பேசி யாரையும் கவர முடியாது. மூடிக்கறியை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

ஒரு சிக்கல் இருந்தது. தினேஷின் அப்பா கறி இல்லாமல் கை நனைக்காதவர், அம்மா சைவம். சரோஜா அந்த அம்மாவுக்குத் தனியாகச் சாம்பார் வைக்கிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். எல்லாரும் மூடிக்கறி சாப்பிடும்போது அவர் மட்டும் ஓரமாகச் சாம்பார் சாப்பிடுவதா? சோயாவில் செய்த சைவ மட்டன் கடையில் கிடைக்கிறது. ஒரு தட்டில் ஆடு, ஒரு தட்டில் சோயா. ஒரே மசாலா, ஒரே மூடி. சாப்பிட்டால் வித்தியாசமே தெரியக்கூடாது. "இன்னைக்கு நீ அடுப்புப் பக்கமே வரக்கூடாது" என்று சரோஜாவிடம் சொல்லிவிட்டேன். (ஆப்பைப் பிடுங்கிய குரங்கும் அன்று காலையில் இதே உற்சாகத்தோடுதான் இருந்திருக்கும்.)

இரண்டும் அலுமினியத் தட்டு, ஒரே அளவு. அடையாளம் வேண்டுமே? சைவத் தட்டின் உருளைக்கிழங்கு மேல் முள்கரண்டியால் மூன்று கோடு இழுத்தேன், நெற்றியில் திருநீறு பூசியதுபோல. எனக்கே என் மூளையை நினைத்துச் சிலிர்த்தது.

அவர்கள் வந்தார்கள். நான் கையைக் கூப்பினேன், சிரித்தேன், சமையலறைக்குள் ஓடினேன். தட்டுகளை ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஓவனில் வைத்தேன். இரண்டும் சமமாகச் சிவக்க வேண்டும் என்று நடுவில் இடம் மாற்றினேன். மாற்றினேனா, மாற்ற நினைத்தேனா? அந்தச் சமயத்தில் கூடத்திலிருந்து பார்வதியம்மாவின் குரல் கேட்டது, அதில் கவனம் போய்விட்டது.

அவர் ஏன் சைவமானார் என்று சரோஜாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பல வருடங்களுக்கு முன் அவர் கணவர் ஓட்டிய லோரி நெடுஞ்சாலையில் கவிழ்ந்ததாம். பிழைத்தால் இனி கறியைத் தொடமாட்டேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாராம். "மனுசன் எந்திரிச்சிட்டாரு. நான் அதுக்கப்புறம் ஒரு கோழித் துண்டுகூட வாயில வச்சதில்ல. வச்சா இவருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம்."

ஓவனைத் திறந்தேன்.

இரண்டு தட்டும் பொன்னிறம். இரண்டும் வழவழவென்று இருந்தன. கோடு இல்லை.

பதற்றத்தில் உருளைக்கிழங்கில் டின் பாலை அதிகமாக ஊற்றியிருந்தேன் போலிருக்கிறது. கிழங்கு இளகி, கொதித்து, முருகன் கோயில் திருநீற்றை ஒரேயடியாகத் துடைத்துவிட்டது. ஓரத்தில் தோண்டி இரண்டையும் ருசி பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை. மறுபடி தோண்டினேன். தெரியவே இல்லை. தெரியாமல் இருக்கத்தானே காலையிலிருந்து பாடுபட்டேன்?

சரோஜா உள்ளே வந்தாள். "எதுங்க சைவம்?"

நான் இரண்டு தட்டையும் பார்த்தேன்.

"என்னாங்க, எது?"

என் முகம் பதில் சொல்லிவிட்டது. "அலமாக், போச்சு" என்று முனகிக்கொண்டு அவள் அரிசி வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் சாம்பார் இல்லை. சாம்பாரை வேண்டாம் என்றவன் யார் என்று கேட்கும் தெம்புகூட அவளுக்கு இல்லை.

அப்போதுதான் பார்வதியம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். "வாசம் அங்க வரைக்கும் வருதே. எனக்கு எதுண்ணே?" என்று கேட்டுக்கொண்டே கிட்டே இருந்த தட்டில் கரண்டியை வைத்தார்.

"தொடாதீங்க!"

வந்தது என் குரல்தான். அவ்வளவு பெரிய குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. தினேஷின் அப்பா எழுந்து வந்தார், பின்னால் தினேஷ், அவனுக்குப் பின்னால் கவிதா. கரண்டி அந்தரத்தில் நின்றது. பெண் வீட்டில் கால் வைத்த ஒரு அம்மாவைப் பார்த்து யாராவது சொல்லும் வார்த்தையா அது? கவிதாவின் கண்ணில் கல்யாணம் மூட்டை கட்டிக்கொண்டு படியிறங்குவதைப் பார்த்தேன்.

இனி பேசாமல் இருக்க முடியாது. பேசினேன். அதிர்ஷ்டக் குலுக்கில் தொடங்கினேன் (ஏன் என்று கேட்காதீர்கள்). ஓவன், வீடியோ, சோயா, திருநீறு, டின் பால் எல்லாம் சொன்னேன். என் வாழ்நாளிலேயே நீளமான பேச்சு அதுதான். கடைசியில், "எது எதுன்னு எனக்குத் தெரியலம்மா. உங்க வேண்டுதல் கெட்டுப்போவ நான் காரணமா இருக்கக்கூடாது" என்றேன்.

பார்வதியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "கோடு எங்கண்ணே போச்சு?"

"உருகிடுச்சும்மா."

முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் கணவர் முன்னால் வந்தார். "இதுக்கா இவ்ளோ கலாட்டா? எனக்குத் தெரியாத ஆட்டுக்கறியா?" ஒரு தட்டில் ஒரு கரண்டி, மறு தட்டில் ஒரு கரண்டி. கண்ணை மூடி மென்றார். இடது தட்டைத் தன் பக்கம் இழுத்தார். "இதான் ஆடு. நல்லா கெடாக்கறி. அது வெறும் சோயா லா, ரப்பர் மாதிரி இருக்கு."

அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் பார்வதியம்மா நம்பவில்லை. ரொட்டியும் வாழைப்பழமும் போதும் என்றுவிட்டார். அவர் கணவரோ இடது தட்டை ஒற்றை ஆளாக வழித்துக்கொண்டிருந்தார். "சிம்பாங் ரெங்கத்துல இப்படி ஒரு ஆடு கெடைக்காது" என்று இடையிடையே சொன்னார்.

வலது தட்டிலிருந்து தினேஷ் ஒரு வாய் எடுத்தான். கடித்தான். நின்றான். வாயிலிருந்து எதையோ எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். டிங் என்றது.

கறிக்கடைக்காரர் கத்தியால் கொத்தியபோது சிதறிய சின்ன எலும்புத் துண்டு. என் விரலுக்குத் தப்பியது.

எல்லாரும் காலியாகியிருந்த இடது தட்டையும் அதைக் காலி செய்தவரையும் பார்த்தோம்.

"சோயாவுல எலும்பு வராதுப்பா" என்றான் தினேஷ்.

அவர் ஒரு ஏப்பம் விட்டார்.

பார்வதியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என் பங்கையும் சேத்து இவரே முழுங்கிட்டாரு. அண்ணே, அடுத்த வாட்டி வரும்போது எனக்குத் தனியா செஞ்சு வைங்க. தாம்பூலத் தட்டு மாத்த நாங்க வரும்போது."

கவிதா நகத்தை வாயிலிருந்து எடுத்தாள்.

கல்யாணம் முடிந்து நாலைந்து தீபாவளி போய்விட்டது. இப்போது நான் கோடு போடுவதில்லை. சைவத் தட்டின் நடுவில் ஒரு கறிவேப்பிலைக் கொத்தைக் கொடிபோல நட்டுவிடுகிறேன், அது உருகாது. சம்பந்தி எந்த விருந்துக்குப் போனாலும் அவர் தட்டில் சோயாவை வைத்து, "கெடாக்கறி, பாருங்க" என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. அவரும் சளைக்காமல், நான் சமைத்தால் சோயாவும் ஆடாகிவிடும் என்கிறார். வேறு யார் எனக்கு இப்படிச் சான்றிதழ் கொடுப்பார்கள்?

சம்பந்தியம்மா வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே, மாடிப்படியிலிருந்து கேட்பார்: "அண்ணே, கோடு இருக்கா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு நான் பதில் கத்துவேன்: "கொடியே நட்டிருக்கு, தைரியமா தொடுங்க!"