தங்க மீனுக்குக் காற்றடித்த கதை

மாமனார் வீட்டில் மாப்பிள்ளைக்கு ராஜ உபசாரம் என்று ஊரெல்லாம் பேச்சு. ராஜா உள்ளுக்குள் எப்படி நடுங்குவார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. என் மாமனார் பூந்தமல்லியில் காய்கறி பயிரிட்டு, அங்கிருந்த ராணுவ முகாமுக்குச் சப்ளை செய்துவந்தவர். அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதையெல்லாம் அவருடைய மீசையே பேசிவிடும். கல்யாணமான புதிதில் அவர் "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாலே, சாப்பிட்டது குற்றமோ என்று எனக்கு வியர்க்கும்.

அது யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. பாரிமுனையில் குமாஸ்தாவாக இருந்த நான், மனைவி தனத்தோடு மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். (கிராமத்துக் காற்று உடம்புக்கு நல்லது என்பது வெளியில் சொன்ன காரணம்.)

வந்து பார்த்தால் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் நாலு தங்க மீன்கள். முகாமின் துரை ஒருவர் ஊட்டிக்குப் போகும்போது, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளும்படி ஒப்படைத்துவிட்டுப் போனவை. காய்கறி சப்ளை தொடர்வதும் நிற்பதும் அந்தத் துரையின் கையில். அதனால் வீட்டில் மனிதர்களைவிட மீன்கள் சௌக்கியமாக இருந்தன.

அவற்றுக்குக் காற்று கொடுக்கும் ஏற்பாடுதான் விசேஷம். தொட்டிக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல்மேல் காற்றடைத்த லாரி டியூப். அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று தண்ணீருக்குள் இறங்கும். குழாயின் நுனியில் சுண்டுவிரல் அளவு ஒரு கல்; உடம்பெல்லாம் நுண்ணிய துளைகள். டியூப்பின் காற்று அந்தக் கல் வழியே பொடிப்பொடிக் குமிழிகளாக வரும். டியூப் தளர்ந்தால் சைக்கிள் பம்பால் அடிக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை குடும்பமே மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு வண்டி கட்டியது. முந்தின நாள் விருந்தில் வயிறு கெட்டுப்போன நானும், எனக்குக் கஞ்சி வைக்கத் தனமும் வீட்டில் தங்கினோம். கிளம்பும் முன் மாமனார் என்னைத் தொட்டியருகே கூப்பிட்டார்.

"மாப்ளே, கொமிழி கம்மியா வந்தா மொதல்ல கல்லப் பாருங்க. பாசி அடைச்சிக்கும். அத்த கயட்டிட்டு, டப்பாவுல கீற வேற கல்ல மாட்டுங்க. பழச வெந்நீர்ல போட்டு வெயில்ல காய வையுங்க. டியூப்பு ஒட்டு போட்டது, ரொம்ப அடிச்சிடாதீங்க. புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது மாமா!"

மீசையைப் பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு வார்த்தையும் மண்டையில் தங்கவில்லை. (இங்கே எழுதியிருப்பது, தனம் பிற்பாடு சொல்லிச் சொல்லிக் காட்டியதில் மனப்பாடமானது.)

வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்காது, குமிழி குறைந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றேபோயிற்று. நாலு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்தன. மீன் செத்தால் துரைக்குக் கோபம் வரும். துரை கோபித்தால் சப்ளை போகும். சப்ளை போனால் அந்த மீசை நேரே என்னிடம்தான் வரும். பம்பை எடுத்து டியூப்பில் மாட்டி அடித்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. இன்னும் வேகமாக அடித்தேன்.

"இன்னாங்க இது, டியூப்பு பூசணிக்கா மாரி ஊதிக்கினே போவுது! கல்லு அடைச்சிக்கினு கீதோ இன்னாவோ, அத்த எடுத்துப் பாருங்க" என்றாள் தனம்.

"பட்டணத்துல தினம் மோட்டார் வண்டி பாக்கறவன் நான். எனக்குத் தெரியாதா?" (தெரியாது.)

கண்ணை மூடிக்கொண்டு இன்னும் நாலு அடி.

டமார்!

அந்தச் சத்தத்தில் எனக்கு டியூப்பும் ஞாபகமில்லை, தனமும் ஞாபகமில்லை. ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்பது மட்டும்தான் தெரிந்தது. எதிர்வீட்டு எல்லப்பன் காலி மனையில் வெட்டிவைத்திருந்த பதுங்குகுழிக்குள் முதலில் குதித்தவன் நான்தான். மழையில் ஊறிய சேறு முழங்காலுக்கு வந்தது. என் பின்னாலேயே தெருவும் வந்து விழுந்தது.

"அல்லாரும் தலயக் குனிங்க! ஏரோப்ளேன் தாழ வந்து போட்டுட்டுப் போறான், என் கண்ணால பாத்தேன்!" என்று எல்லப்பன் கத்தினார். இந்தச் செய்தியோடு ஒருவன் மாங்காட்டு வண்டியைப் பிடிக்கச் சைக்கிளில் பறந்தது அப்போது எனக்குத் தெரியாது.

பல் தந்தியடிக்க, தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு கிடந்தேன். அடுத்த குண்டு விழவே இல்லை. எல்லப்பன் என் பக்கம் திரும்பினார்.

"கையில இன்னா மாப்ளே அது?"

பார்த்தேன். சைக்கிள் பம்பு.

அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அந்த நொடியில் தெரிந்தது. யாருக்கும் காயமில்லாமல், சின்னதாக ஒரு குண்டு மெய்யாகவே விழுந்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். "ஒண்ணுமில்லை" என்று பம்பைச் சேற்றுக்குள் அழுத்தினேன். தனத்தின் ஞாபகமும் அப்போதுதான் வந்தது. எழுந்து ஓடத்தான் பார்த்தேன், சேறு காலை விடவில்லை.

அதற்குள் தெருமுனையில் ஓர் அலறல். "தனம்! எம்மா தனம்!" தலைப்பாகை அவிழ, செருப்பில்லாமல் மாமனார் ஓடிவந்தார். மீசையெல்லாம் கண்ணீர். வீட்டுக்குள் பாய்ந்தார்.

உள்ளே தனம் தேம்பிக்கொண்டே சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, திரும்பத் தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தாளாம்.

"அவரு ஓடிட்டாரு நைனா. மீனு செத்தா நீ திட்டுவியேன்னு, இன்னா பண்றதுன்னே தெரியாம ஊத்திக்கினே கீறேன்!"

ஊற்றிய தண்ணீரோடு காற்றும் கலந்ததோ என்னவோ, நாலு மீன்களும் பிழைத்துக்கொண்டன.

மாமனார் வெளியே வந்து குழியின் விளிம்பில் நின்றார். மீசை துடித்தது. என் கதை முடிந்தது என்று கண்ணை மூடினேன்.

"எய்ந்து வாங்க மாப்ளே" என்று கையை நீட்டினார். "குண்டு இல்ல. நம்ம டியூப்புதான்."

கண்ணைத் திறந்து பார்த்தால், மீசை துடித்தது சிரிப்பை அடக்கியதால். தெருவே சிரித்தது. எல்லப்பன் மட்டும், "அப்ப நா பாத்த ஏரோப்ளேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இன்று எனக்கு எண்பது தாண்டிவிட்டது. காற்றடிக்கும் எதையும் வீட்டில் என்னைத் தொட விடுவதில்லை. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பலூன் பாக்கெட்டை வெளியே எடுத்தால் போதும், தனம் கூடத்திலிருந்து குரல் கொடுப்பாள்: "டேய், மொதல்ல தாத்தாவுக்கு ஒரு குழிய வெட்டி வையுங்கடா!"

வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். புதிதாக வந்த சம்பந்தி வீட்டார் மட்டும் என் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாக விசாரிப்பார்கள்: "டாக்டர் எத்தனை நாள்னு சொல்லியிருக்காரு?"