அண்ணாச்சியின் நமுத்த காபி

வெடி விற்கிறவர்கள் திருத்தங்கல் முதல் சாத்தூர் வரை எத்தனையோ பேர். ஆனால் ஆர்டருக்காகத் தன் கிட்னியையே பணயம் வைத்தவர் எங்கள் சரவெடி அண்ணாச்சி ஒருவர்தான். பேச ஆரம்பித்தால் கடைசி வெடி தீரும்வரை ஓயமாட்டார். அதனால் அந்தப் பெயர்.

சிவகாசியில் அவருக்குப் பட்டாசுக் கடை. சீசனில் வெடி வாங்க எந்தப் பார்ட்டி வந்து உட்கார்ந்தாலும் காபி வரும். அண்ணாச்சியும் கூடவே குடிப்பார்.

"நாம குடிக்காம அவுகளுக்கு மட்டும் குடுத்தா, சரக்கையும் சந்தேகப்படுவாக" என்பார்.

சர்க்கரை நோய் வந்தது. ரத்த அழுத்தமும் ஏற, டாக்டர் காபியைக் குறைக்கச் சொன்னார். அண்ணாச்சி பதறிப்போய் என்னிடம் வந்தார். நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். பத்திரிகையில் படித்ததை அவிழ்த்துவிட்டேன்.

"கஃபீனை எடுத்துட்ட காபி இருக்கு அண்ணாச்சி. அதைக் குடிக்கிறவங்களுக்குச் சர்க்கரை நோய் வர்றது குறைவாம்."

வந்துவிட்டவருக்கு அது மருந்தல்ல, கிட்னிக்கு நல்லதா என்பதும் உறுதியில்லை என்று கீழே போட்டிருந்தது. அதைச் சொல்லாமல் விட்டேன். படித்தவன் என்று காட்டிக்கொள்ளும் அவசரம்.

அண்ணாச்சி அந்தக் காபியை மதுரையிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்தார். ஒருநாள் போய்ப் பார்த்தால், தம்ளரில் சீனியை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சீனி!"

"வாத்தியாரே, மருந்தெடுத்த வெடிய மடியில வச்சே கொளுத்தலாம். இதுவும் நமுத்துப்போன காபிதான. எம்புட்டுச் சீனி போட்டாலும் வெடிக்காது."

நான் சிரித்தேன். தட்டிப் பறித்திருக்க வேண்டும்.

தீபாவளி முடிந்ததும் வெடித்தது. கால்கள் வீங்கிவிட்டன. விருதுநகரில் ஒரு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். சோதித்துவிட்டு, காபிக் கதையையும் கேட்டறிந்தார்.

"சுகர் எகிறியிருக்கு. சிறுநீர்ல புரதம் போகுது. இப்படியே விட்டா கிட்னி போயிரும். இந்தக் காபி சுகருக்கு நல்லதுன்னு யாருய்யா சொன்னது?"

நான் தரையைப் பார்த்தேன். அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை.

"டிவியில எவனோ சொன்னான் சார். மூஞ்சி மறந்துபோச்சு."

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

"என்னை ஏன் காட்டிக் கொடுக்கலை அண்ணாச்சி?"

"உங்கள மாட்டிவிட்டுட்டு, அடுத்த சந்தேகத்த யாருகிட்டப் போய்க் கேக்க?"

மாத்திரை, பத்தியம் என்று கிட்னி இப்போது தாக்குப்பிடிக்கிறது. பார்ட்டிக்குச் சீனிக் காபி. அண்ணாச்சிக்குச் சீனி இல்லாத நமுத்த காபி. நான் போனால் எனக்கும் அதேதான்.

"எனக்குத்தான் சுகர் இல்லையே அண்ணாச்சி!"

"அப்ப நான் மட்டும் கசப்பக் குடிக்கவா? கூடக் குடிங்க வாத்தியாரே."

கசக்கத்தான் செய்கிறது. தினமும் போகிறேன்.