வெள்ளைப் பூ வந்தால் சத்தீஸ்கர்

திருச்செங்கோடு,
செவ்வாய்க்கிழமை.

அன்புமிக்க மாப்பிள்ளை பெனடிக்ட் அவர்களுக்கு, மாமனார் உபகாரசாமி எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உங்கள் அத்தையும் சுகம். சர்க்கரை மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீங்களும் அக்சிலியாவும் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

தொழில் நடத்துபவர்கள் எப்படி யோசித்து முடிவெடுக்கிறார்கள் என்று உங்கள் கல்லூரி ஆய்வுக்கு ஓர் உதாரணம் கேட்டிருந்தீர்கள். முப்பத்தோரு ஆண்டு நிருபராக இருந்தவன். கண்ணால் கண்டதையே எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் மருதாசலமும் அவர் மனைவி ராமாத்தாளும் ஒரே ஒரு போர்வெல் வண்டியை வைத்துப் பிழைக்கிறார்கள். இந்த ஊர் வண்டிகளெல்லாம் போர் போடப் போவதுபோல் கோடைக்கு அதையும் சத்தீஸ்கருக்கு அனுப்ப வேண்டும் என்று அவர், உள்ளூரிலேயே நிறுத்த வேண்டும் என்று அந்த அம்மா. பத்து நாளாக வீட்டில் பேச்சில்லை. முடிவு தப்பினால் அடுத்த வருடம் வண்டி கையில் இருக்காது. கடைசியில் கோயிலில் பூ கேட்பதென்று சமாதானமானது: இரண்டு பொட்டலம், வெள்ளை அரளி வந்தால் சத்தீஸ்கர், சிவப்பு வந்தால் உள்ளூர். எடுப்பது யார் என்று மறுபடி தகராறு. "ஏனுங்க சார், நீங்க வேதக்காரரு, ரெண்டு பேருக்கும் பொதுவா இருப்பீங்க, வாங்க" என்று ராமாத்தாள் என்னையே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஒரு குடும்பத்தின் பிழைப்பு என் விரலில் இருக்கிறதே என்று நாலு நிமிடம் யோசித்து, மாதாவை வேண்டி, இடது பொட்டலத்தை எடுத்தேன். சிவப்பு. மருதாசலம் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பழக்கதோஷம், மற்றதையும் பிரித்துப் பார்த்தேன். அதுவும் சிவப்பு!

"என்னங்கம்மா இது?"

"மெதுவாப் பேசுங்க சார். எல்லா வண்டியும் வடக்க போயிருச்சுன்னா இங்க போர் போட ஆருங்க இருக்கா? நாம மட்டுந்தான். இத நான் சொன்னா அவரு கேப்பாரா? சாமி சொன்னாக் கேப்பாரு."

"அதுக்காகச் சாமியை ஏமாத்தறதா?"

"சாமிகிட்டச் சொல்லிட்டுத்தானுங்க பொட்டலமே கட்டுனேன். வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லலியே!"

ஒன்றரை மாதம் ஆகிறது மாப்பிள்ளை. தெருவிலிருந்த மற்ற வண்டிகளெல்லாம் வடக்கே போய்விட்டன. இவர்கள் வண்டிக்கு ஒரு நாள் ஓய்வில்லை. ராமாத்தாள் மற்றவர்கள் ஓடும் திசையைப் பார்த்துத் தான் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்; எதிராளியோடு வாதாடாமலே அவரைச் சம்மதிக்க வைத்தார். உங்கள் ஆய்வின் முதல் அத்தியாயத்தையே ராமாத்தாளுக்குக் கொடுக்கலாம்.

அத்தை முறுக்கு அனுப்புகிறாள். உங்கள் இருவரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

அன்புடன்,
உபகாரசாமி

பி.கு.: உறையை ஒட்டும்போது மருதாசலம் வந்து, என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லை, சொல்லிவிட்டேன். மனிதர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "மொதல்ல சத்தீஸ்கர் போலாம்னு துடிச்சதே அவதானுங்க. எனக்குத்தான் இஷ்டமில்ல. 'ஆமாமா, போயே ஆகோணும்'னு ரெண்டு நாள் குதிச்சேன். மூணாம் நாளு அவ கட்சி மாறிட்டா!" ஆகவே, மேலே நான் பாராட்டியிருக்கும் இடங்களில் ராமாத்தாள் என்பதை மருதாசலம் என்று திருத்தி வாசிக்கவும். அந்த அம்மாவை இன்னொரு முறை விசாரிக்கும்வரை எதையும் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.